சம்மதம் கேட்டவர்கள்

பாலஸ்தீனத்தில், வடக்குக் கலிலேயாவின் மலைச்சரிவில் ஜாஊனி என்று ஓர் அரபுக் கிராமம் இருந்தது. 1880களில் அங்கே நிலத்தை விலைக்கு வாங்கி யூதக் குடியேறிகள் ரோஷ் பினா என்ற ஊரை எழுப்பினார்கள். பணம் கைமாறியது, நிலமும் கைமாறியது. அதுவரை அதில் உழுதுகொண்டிருந்த குடும்பங்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. ஜோர்டான் ஆற்றுக்குக் கிழக்கே ஹவ்ரான் பக்கம் கிளம்பினார்கள். ஆண்கள் கழுதைமேல் போக, பெண்கள் அழுதுகொண்டே பின்னால் நடந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்க ஒப்பாரி. வழியில் நின்று நின்று கல்லையும் மண்ணையும் முத்தமிட்டார்கள்.

அந்த அழுகை இன்னும் என் காதில் கேட்கிறது என்று எழுதியவர் இட்ஸ்ஹாக் எப்ஸ்டைன். அந்தக் குடியேறிகளில் அவரும் ஒருவர். எபிரேய மொழி ஆசிரியர், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்ற சியோனிச இயக்கத்தில் உறுதியான நம்பிக்கை உள்ளவர். 1905இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அவர் ஆற்றிய உரை 1907இல் 'மறைந்திருக்கும் கேள்வி' என்ற தலைப்பில் கட்டுரையாக வந்தது. நிலக்கிழாரோடு விலை பேசி முடித்துவிட்டால் சட்டப்படி நிலம் நம்முடையதாகிவிடுகிறது, சரி. அதில் உழைத்துப் பிழைக்கிறவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா? அந்த மண்ணில் ஒரு மக்கள் கூட்டமே நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக வாழ்கிறது என்பதை நம் இயக்கம் ஏன் பேசுவதே இல்லை? இதுதான் அவர் கேட்டது.

யூதர்களின் சுயநிர்ணய உரிமையைப் பற்றி இன்று பேச்செடுத்தால் இரண்டு முகாம்கள்தான் கண்ணில் படுகின்றன. அந்த உரிமை என்றாலே இஸ்ரேல் அரசுதான் என்கிறது ஒரு முகாம். அப்படியொரு உரிமையே கிடையாது என்கிறது மற்றது. 130 ஆண்டு கால யூத அரசியல் எழுத்தைப் புரட்டினால் படம் இவ்வளவு எளிமையாக இல்லை. அங்கே ஓயாமல் நடந்த சண்டை 'சம்மதம்' என்ற ஒரே சொல்லைச் சுற்றித்தான் என்பது என் வாசிப்பு. அங்கே ஏற்கனவே வாழ்கிறவர்களின் சம்மதம் வேண்டுமா, வேண்டாமா? அது கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். சுயநிர்ணயம் என்றால் தனி நாடு என்ற சமன்பாடு ஆரம்பத்தில் யூதர்களிடையே பொதுக் கருத்தாக இருக்கவில்லை. சியோனிச அமைப்பை நிறுவிய தியோடர் ஹெர்ஸ்ல் பாசலில் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டிய அதே 1897இல்தான் கிழக்கு ஐரோப்பாவின் வில்னாவில் 'பண்ட்' என்ற யூதத் தொழிலாளர் கட்சி பிறந்தது. நாம் வாழும் இடமே நம் இடம், நம் இத்திஷ் மொழிக்கும் பண்பாட்டுக்கும் இங்கேயே தன்னாட்சி வேண்டும் என்றது அது. வரலாற்றாசிரியர் சைமன் டுப்னோவும் ஏறக்குறைய இதையே வேறு வழியில் சொன்னார். நிலமில்லாமலும் ஒரு மக்கள் தேசமாக இருக்க முடியும் என்பது அவர் வாதம். 1941இல் ரிகாவில் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். அவர் நம்பிய கிழக்கு ஐரோப்பிய யூத உலகமே அந்த ஆண்டுகளில் அழிக்கப்பட்டது. இதை மனதில் வைக்காமல், பின்னால் நடந்த எதையும் நியாயமாக எடைபோட முடியாது.

சியோனிசத்துக்குள்ளேயும் எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கவில்லை. ஆஷர் கின்ஸ்பர்க், 'அஹத் ஹாஆம்' என்ற புனைபெயரில் எழுதியவர், 1891இல் பாலஸ்தீனத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அந்த நாடு ஆளில்லாத பாழ்நிலம் என்று வெளியில் நினைக்கிறோம், விதைக்காத நல்ல நிலத்தை அங்கே கண்டுபிடிப்பதே கஷ்டம் என்று எழுதினார். அரபுகள் நடப்பது புரியாத முட்டாள்கள் இல்லை என்றும் எச்சரித்தார். நேற்றுவரை அடிமைப்பட்டுக் கிடந்த நம் ஆட்கள் இங்கே வந்ததும் அரபுகளிடம் கொடுமையாக நடந்துகொள்கிறார்கள் என்று வேதனைப்பட்டார். அவருக்கு வேண்டியிருந்தது உலக யூதர்களுக்கு ஓர் ஆன்மிக, பண்பாட்டு மையம். பெரும்பான்மை பலத்தில் ஆளும் அரசு பற்றி அவருக்கு அவசரம் இல்லை. பிரிட்டிஷ் அரசு 1917இல் வெளியிட்ட பால்ஃபர் பிரகடனம் 'பாலஸ்தீனத்தில்' ஒரு தேசிய இல்லம் என்றுதான் சொல்கிறது, பாலஸ்தீனத்தையே யூதர்களின் தேசிய இல்லமாக ஆக்குவதாகச் சொல்லவில்லை என்று பின்னாளில் விளக்கினார். அந்த நாடு இரு மக்களுக்கும் பொதுவான வீடு என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

சம்மதத்தைப் பற்றிய கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்தும் வந்துவிட்டது. ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுப் தியா அல் காலிதி 1899இல் பிரான்சின் தலைமை ரப்பிக்கு, அதாவது யூத மதகுருவுக்கு, ஒரு கடிதம் எழுதினார். யூதர்களுக்கு அந்த மண்ணோடு உள்ள பழைய உறவை அவர் மறுக்கவில்லை. இங்கே ஏற்கனவே மக்கள் இருக்கிறார்கள், கடவுளின் பேரால் பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்டார். கடிதம் ஹெர்ஸ்லின் கைக்குப் போனது. யாரையும் யாரும் வெளியேற்றப் போவதில்லை, எங்கள் வரவால் உங்கள் செல்வம்தான் பெருகும் என்று அவர் பதில் எழுதினார். அரசியல் சம்மதம் கேட்டவருக்குக் கிடைத்தது பொருளாதார வாக்குறுதி. அடுத்த பல பத்தாண்டுகள் இதே பதில் திரும்பத் திரும்ப வந்தது.

சம்மதம் கிடைக்கவே கிடைக்காது என்று பளிச்சென்று சொன்னவர் விளாதிமிர் ஜபோட்டின்ஸ்கி. இஸ்ரேலின் இன்றைய வலதுசாரிக் கட்சியான லிகுடின் சிந்தனை மூலவர். 1923 நவம்பரில் அவர் எழுதிய 'இரும்புச் சுவர்' கட்டுரையை எதிராளிகளும் ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும். தன் நாட்டைத் தானாக முன்வந்து இன்னொருவருக்குக் கொடுத்த சுதேசி மக்கள் வரலாற்றில் எங்கேயும் இல்லை, அரபுகளைக் காசு காட்டி வாங்கிவிடலாம் என்று நினைப்பது அவர்களை அவமதிப்பது என்றார். ஆகவே அவர்களால் உடைக்க முடியாத ஒரு சுவருக்குப் பின்னால் குடியேற்றம் நடக்கட்டும். நம்பிக்கை அற்றுப்போன பிறகு அவர்களில் மிதவாதிகள் பேச வருவார்கள், அப்போது சம உரிமை பற்றிப் பேசலாம். 1940இல் எழுதியபோதும் யூதர் பிரதமரானால் அரபுக்குத் துணைப் பிரதமர் பதவி, அரபு பிரதமரானால் யூதருக்கு அந்தப் பதவி என்று திட்டம் வைத்திருந்தார். எதிரே இருப்பது ஒரு மக்கள் இனம் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டதற்காக அவரை மதிக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டே அவர்கள் சம்மதத்தைத் தள்ளிப்போட்டதை ஏற்க முடியவில்லை.

அவருக்கு நேர் எதிரே ஒரு சின்னக் கூட்டம் நின்றது. 1925இல் ஜெருசலேமில் தொடங்கிய 'பிரித் ஷாலோம்', அதாவது அமைதி உடன்படிக்கை. உறுப்பினர்கள் நூறு பேர் அளவுக்குத்தான். ஆனால் யார் யார் என்று பாருங்கள்: யூத மறைஞான ஆய்வைத் தனித் துறையாக்கிய கெர்ஷோம் ஷோலம், தத்துவப் பேராசிரியர் ஹியூகோ பெர்க்மன், ஹான்ஸ் கோன், எர்ன்ஸ்ட் சைமன். முதல் தலைவர் ஆர்தர் ருப்பின். இயக்கத்துக்காக நிலம் வாங்கிக் குடியேற்றத்தை நடத்தியவரே அவர்தான். பலர் பிராகா, பெர்லின், வியன்னா பக்கத்து ஆட்கள். ஆஸ்திரியப் பேரரசில் பல இனங்கள் ஒரே கூரையின் கீழ் முட்டி மோதியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்களில் உண்டு. இனத்தையும் அரசையும் ஒன்றாக்கினால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் முன்வைத்தது இருதேசிய அரசு. யார் பெரும்பான்மை, யார் சிறுபான்மை என்ற கணக்குப் பாராமல் யூதர், அரபு இருவருக்கும் சம அரசியல் உரிமை. ஒருவர் மற்றவரை ஆளக் கூடாது.

1929 ஆகஸ்டில் பாலஸ்தீனத்தில் அரபுகளுக்கும் யூதர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. ஹெப்ரானில் மட்டும் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். நாடு முழுக்க 133 யூதர்களும் 116 அரபுகளும் செத்தார்கள். ருப்பின் பிரித் ஷாலோமை விட்டு விலகினார். இனி ஒப்பந்தத்துக்கு வழியில்லை என்ற முடிவுக்கு மெல்ல வந்துசேர்ந்தார். ஹான்ஸ் கோனும் விலகினார், ஆனால் அவர் விட்டுப் போனது சியோனிச இயக்கத்தையே. நாம் பாலஸ்தீனத்துக்கு வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன, மண்ணின் மக்களுடைய சம்மதத்தைப் பேச்சுவார்த்தையால் பெற ஒருமுறைகூட மனதார முயலவில்லை என்று நண்பருக்கு எழுதினார். பிறகு அமெரிக்கா போய்த் தேசியவாதத்தை ஆராயும் அறிஞராக வாழ்ந்தார். ஒரே கலவரத்தைப் பார்த்த இருவர், ஒரே அமைப்பிலிருந்து இரு திசைகளில் வெளியேறினார்கள்.

பிரித் ஷாலோமின் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததையும் சொல்லியாக வேண்டும். 1922 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தின் மக்கள் சுமார் 7,57,000 பேர். அதில் யூதர்கள் 84,000 பேருக்குச் சற்றுக் குறைவு, 11 சதவீதம். பத்துக்கு ஒன்பது பேராக இருக்கும் மக்களிடம் போய் 'எண்ணிக்கை பார்க்காமல் ஆளுக்குப் பாதி' என்றால் அது சமத்துவமாகத் தெரியுமா, பறிப்பாகத் தெரியுமா? பாலஸ்தீனத் தலைவர்கள் பெரும்பாலோர் அதற்கு இணங்கவில்லை என்பதில் வியப்பில்லை.

1933க்குப் பிறகு இந்தக் கணக்கு உயிர்க் கணக்கானது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1938 ஜூலையில் எவியான் மாநாட்டில் 32 நாடுகள் கூடிப் பேசியும் பெரும்பாலானவை யூத அகதிகளுக்குக் கதவைத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு 937 பயணிகளோடு அட்லாண்டிக் கடந்த செயிண்ட் லூயிஸ் கப்பலைக் கியூபாவும் அமெரிக்காவும் திருப்பி அனுப்பின. அதே 1939 மே மாதம், அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டன் வெள்ளை அறிக்கை என்ற கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளில் 75,000 யூதர்களுக்கு மட்டும் பாலஸ்தீனத்தில் அனுமதி, அதற்குப் பிறகு ஒருவர் வர வேண்டுமானாலும் அரபுகளின் சம்மதம் வேண்டும். சம்மதம் என்ற சொல் முதல்முறையாக அரசு ஆவணத்தில் விதியாக ஏறியது. ஏறிய நேரத்தைப் பாருங்கள். பாலஸ்தீனியருக்கு அது இருபது ஆண்டுகளாகக் கேட்டு, ஆயுதமேந்திப் போராடிப் பெற்ற குறைந்தபட்ச நியாயம். ஐரோப்பிய யூதருக்கோ தப்பிக்க இருந்த கடைசி வழியில் விழுந்த பூட்டு. 1942 பிப்ரவரியில் ஸ்ட்ரூமா என்ற அகதிக் கப்பல் கருங்கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஏறத்தாழ 780 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். அதன் பிறகு எந்த யூதக் கூட்டத்தில் போய் 'அரபுகளின் சம்மதத்தோடுதான் வர வேண்டும்' என்று பேசுவது? இருதேசியச் சிந்தனையின் முதுகை ஒடித்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஜபோட்டின்ஸ்கியின் தர்க்கம் வென்றதற்குக்கூட அவ்வளவு பங்கு இல்லை.

காந்தி இந்த விவாதத்துக்குள் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். 1938 நவம்பர் 26 ஹரிஜன் இதழில், இங்கிலாந்து ஆங்கிலேயருக்கும் பிரான்சு பிரெஞ்சுக்காரருக்கும் சொந்தமானதுபோல் பாலஸ்தீனம் அரபுகளுக்குச் சொந்தம் என்று எழுதினார். ஜெர்மன் யூதர்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்றும் ஆலோசனை சொன்னார். அதே ஆண்டு ஜெர்மனியை விட்டு ஜெருசலேம் வந்திருந்த யூதத் தத்துவஞானி மார்ட்டின் பூபர் 1939 பிப்ரவரியில் காந்திக்கு நீண்ட கடிதம் எழுதினார். அவர் காந்தியை உளமார மதித்தவர், அந்த வலி கடிதம் முழுக்கத் தெரிகிறது. வதை முகாமில் சாட்சியே இல்லாமல் சாகிறவனின் சத்தியாக்கிரகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார். நிலத்தைப் பற்றிச் சொன்னது அதைவிட முக்கியம். இங்கே இரண்டு உரிமைகள் எதிரெதிரே நிற்கின்றன, இரண்டும் வேறுவேறு வகை, எது பெரியது என்று அளக்கத் தராசு கிடையாது. ஆகவே இரண்டையும் இசைவிக்கும் வழியைத் தேடுவதுதான் கடமை. காந்தியிடமிருந்து பதில் வரவில்லை.

1942 மே மாதம் நியூயார்க்கின் பில்ட்மோர் ஹோட்டலில் கூடிய சியோனிச மாநாடு யூத அரசே குறிக்கோள் என்று தீர்மானித்தது. சில மாதங்களில் ஜூடா மாக்னஸ் 'இஹுத்' என்ற அமைப்பைத் தொடங்கினார். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ரப்பி, எபிரேயப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். பூபரும், ஹடாஸா மருத்துவ அமைப்பை நிறுவிய ஹென்ரியட்டா சோல்டும் உடன் நின்றார்கள். போர் முடிந்ததும் மாக்னஸ் ஆங்கில அமெரிக்க விசாரணைக் குழுவிடம் தன் திட்டத்தை வைத்தார். முகாம்களில் உயிர் பிழைத்துக் கிடக்கும் யூதர்களில் 1 லட்சம் பேரை உடனே அனுமதியுங்கள். அப்புறம் இரு மக்களும் எண்ணிக்கையில் சமமாகும் வரை குடியேற்றம். அரசில் இருவருக்கும் சம இடம். இந்தத் திட்டமும் அரபுப் பெரும்பான்மையைக் கரைத்துத்தான் சமன் செய்கிறது, அது உண்மை. ஆனால் மேலே ஏறி நிற்பதற்கு முன்பே நிறுத்திக்கொள்கிறேன் என்று தன் தரப்பைக் கட்டிப்போட முன்வந்தவர் அன்று அவர்தான்.

கையை நீட்டிய பாலஸ்தீனியர்கள் இல்லாமல் போகவில்லை. 1946 நவம்பர் 11 அன்று ஃபவ்ஸி தர்வீஷ் அல் ஹுசைனி என்ற ஜெருசலேம்காரர், இருதேசிய அரசை ஒப்புக்கொண்டு ஒரு யூத அரபு நல்லிணக்க அமைப்போடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். பாலஸ்தீனத்தின் மிகச் செல்வாக்கான குடும்பம் அவருடையது. 12 நாள் கழித்து அரபுத் தேசியவாதிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

1947இல் ஐ.நா. அனுப்பிய 11 நாட்டுக் குழுவில் இந்தியாவும் இருந்தது. பெரும்பான்மை உறுப்பினர்கள் பிரிவினை என்றார்கள். இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் கூட்டாட்சி என்ற மாற்றுத் திட்டத்தைத் தந்தன. நவம்பர் 29 அன்று 33 நாடுகள் பிரிவினைக்கு வாக்களித்தன, இந்தியா உட்பட 13 நாடுகள் எதிர்த்தன. உடனே போர் மூண்டது. 1948 மே மாதம் யூத அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரென்ட் ஒரு கட்டுரையில் எச்சரித்தார்: யூதர்கள் போரில் வென்றாலும் பகை சூழ்ந்த எல்லைகளுக்குள் அடைந்து, தற்காப்பு ஒன்றே சிந்தனையாக, மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும் வாழ்க்கைதான் அமையும். யூத அரசு எழுந்தது. ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனியர்கள் அகதிகளானார்கள். ஜாஊனியும் அந்த மே மாதமே காலியானது. அந்த அகதிகளுக்கு உதவ மறுத்த யூத நிவாரண அமைப்பிலிருந்து மாக்னஸ் பதவி விலகினார், அக்டோபரில் நியூயார்க்கில் இறந்தார்.

பூபர் இருந்து பார்த்தார். 1948 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட அரபுக் கிராமத்தார் யூத ஆயுதக் குழுக்களால் படுகொலையான தெய்ர் யாசினில் யூதக் குடியிருப்பு அமைக்க அடுத்த ஆண்டு ஏற்பாடானது. பூபரும் வேறு மூன்று அறிஞர்களும் பிரதமர் பென் குரியனுக்கு எழுதினார்கள். அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாகவே விடுங்கள், நடந்தது தவறு என்பதற்கு அடையாளமாக அது இருக்கட்டும் என்று கேட்டார்கள். குடியிருப்பு எழும்பியது. மிஞ்சிய கிராம வீடுகளில் மனநல மருத்துவமனை வந்தது. நாட்டுக்குள் எஞ்சிய அரபுக் குடிமக்கள் 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தார்கள். இஹுத் அதையும் எதிர்த்தது.

1967 போருக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் சமரசவாதியே அல்லாத ஒருவர். யெஷயாஹு லெய்போவிட்ஸ், வைதிக யூதர், உயிர்வேதியியல் பேராசிரியர், யூத அரசு வேண்டும் என்பதில் ஐயமே இல்லாதவர். மேற்குக் கரையும் காஸாவும் கைக்கு வந்த வெற்றிக் களிப்பின் நடுவே, சம்மதமில்லாத பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை ஆளும் அரசு ரகசியப் போலீஸ் அரசாகத்தான் மாறும், அது கல்வியையும் பேச்சையும் ஜனநாயகத்தையும் கெடுக்கும் என்றார். அரபுகள் மீதான அன்பில் அவர் இதைச் சொல்லவில்லை, யூத அரசின் நலனுக்காகவே சொன்னார். அதனால்தான் இஸ்ரேலுக்குள் அந்தக் குரலுக்குத் தனிக் கனம் இருந்தது.

சரி, இப்போது? 2018 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் 62க்கு 55 என்ற கணக்கில் ஓர் அடிப்படைச் சட்டத்தை நிறைவேற்றியது. இஸ்ரேல் அரசில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்கிறது அது. குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு. அஹத் ஹாஆமின் 'பொது வீடு' எங்கே, இது எங்கே! 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த போரில் காஸாவில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 2024 ஜூலையில் அதே நாடாளுமன்றம் பாலஸ்தீன அரசே கூடாது என்று 68க்கு 9 என்ற வாக்குகளில் தீர்மானம் போட்டது. ஜோர்டான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே இன்று இரு மக்களும் தலா 70 லட்சத்துக்கு மேல், ஏறத்தாழ சமம். மாக்னஸ் எட்ட நினைத்த அந்தச் சமன்பாடு, அவர் நினைத்த உரிமைகள் எதுவும் இல்லாமல் வந்து நிற்கிறது.

பழைய சிந்தனை செத்துவிடவில்லை. 'எல்லோருக்கும் ஒரு நிலம்' என்ற இயக்கத்தை யூதரும் பாலஸ்தீனியரும் சேர்ந்து நடத்துகிறார்கள். 1967 போருக்கு முந்தைய எல்லையில் இரு நாடுகள், ஆனால் நடமாட்டம் திறந்தது. ஜெருசலேம் இருவருக்கும் தலைநகர். குடியுரிமை வேறு, வசிக்கும் உரிமை வேறு. யூதக் குடியேறி பாலஸ்தீனச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு அங்கே வசிக்கலாம். பாலஸ்தீனக் குடிமகன் இஸ்ரேலில் வசிக்கலாம். அமெரிக்க யூத எழுத்தாளர் பீட்டர் பைனார்ட் 2020இல் இன்னும் ஒரு படி போனார். யூதருக்கு வேண்டியது அந்த மண்ணில் ஒரு வீடு, அதற்கு யூத அரசு அவசியமில்லை, சம உரிமையுள்ள ஒரே நாடு போதும் என்றார். யூத உலகில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்: எவியானையும் ஸ்ட்ரூமாவையும் மறக்காதவர்களிடம் கதவின் சாவியைப் பங்கிடச் சொல்வது சுலபமில்லை.

இந்தத் திட்டங்கள் எல்லாமே கடைசியில் வந்து நிற்பது யார், எத்தனை பேர் உள்ளே வரலாம் என்ற இடத்தில்தான். மாக்னஸ் 1946இல் யூத அகதிகளுக்காகக் கேட்டது 1 லட்சம். மூன்று ஆண்டு கழித்து லோசான் பேச்சுவார்த்தையில், 1 லட்சம் பாலஸ்தீன அகதிகளைத் திரும்ப ஏற்கலாம் என்று இஸ்ரேல் ஒருமுறை சொன்னது. அது மிகக் குறைவு என்று அரபு நாடுகள் மறுத்தன, இஸ்ரேலும் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1950இல் இயற்றிய சட்டத்தின்படி உலகின் எந்த மூலையில் இருக்கும் யூதரும் இஸ்ரேலுக்கு வந்து குடியேறலாம். ஜாஊனியிலிருந்து கிளம்பியவரின் பேரப்பிள்ளைக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.